ஐந்தாம் கிழமை

சனிக்கிழமை காலை கல்முனைச் சந்தையில்
நாட்டுக்கோழி முட்டை அறுபது.
மருந்து தின்னாத கோழியா என்று
ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.
கோழிக்குப் போட்ட மருந்து முட்டையில் இருந்தால்
நான் தேடுவது முளைக்காது.
இதை முகைதீன்பாவாவுக்கு விளக்கப் போய்
பாதியில் விட்டுவிட்டேன்.
அவர் தானாக முடிவுகட்டிக்கொண்டார்:
"டீச்சர் வட்டிலப்பம் ஓடருக்கு எடுக்கிறா."

ஆய்வுகூடத்தில் பத்மலோஜினியும் நானும்
முட்டைகளுக்குச் சவர்க்காரம் போடுகிறோம்,
பிறகு ஸ்பிரிட்டில் குளிப்பு.
உடைத்து, அடித்து, வலைத்துணியில் வடித்து,
கிளிசரின் விட்டு, பச்சைச் சாயம் ஊற்றினால்
மஞ்சள் தயங்கித் தயங்கி
விதைத்து இரண்டு கிழமையான வயலின்
நிறத்துக்கு வருகிறது.
குழாய்களைச் சரித்துவைத்துச் சூட்டில் இறுக்குகிறோம்.
ஒவ்வொன்றும் விரல் நீள வட்டை.
அதில் ஒருவருடைய சளியை விதைக்கிறோம்.

கொழும்பில் இருக்கும் இயந்திரம்
இரண்டு மணித்தியாலத்தில் சொல்லிவிடுமாம்.
எங்களுக்கும் ஒன்று வரும் என்றார்கள்,
மேசைகூட அளந்து போட்டோம்.
அந்த மேசையில்தான் மீன்பெட்டி இருக்கிறது.

மருதமுனைக் கரையில் ஐஸ் நிரப்பிச்
சூரை சுமந்த ரெஜிபோம் பெட்டி.
உள்ளே நாற்பது வாட் பல்பு ஒன்று,
குஞ்சு பொரிக்கிற கடையில் வாங்கிய தெர்மோஸ்டாட்.
குளிர் காத்த பெட்டி இப்போது சூடு காக்கிறது,
ஈரமான நாளில் கொஞ்சம் சூரை மணக்கிறது.
முப்பத்தேழு பாகை.
உயிருள்ள நெஞ்சுக்குள் இருக்கிற அளவு.
அதற்குமேல் அது ஒன்றும் கேட்பதில்லை.

குழாய் நூற்றுப்பதினான்கு:
உதுமாலெப்பை, வயது நாற்பத்தாறு,
சம்மாந்துறை நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவர்.
கண்ணாடித்துண்டில் மூன்று முறை தேடினோம்,
மூன்று முறையும் இல்லை.
"உமித்தூசுதான் தங்கச்சி" என்றார்.
அந்த 'இல்லை'யை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இருமலோடு பஸ் ஏறினார்.
நுணுக்குக்காட்டிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும்.
முட்டைக்கு ஒரு நூறு இருந்தாலே போதும்,
நேரம்தான் வேண்டும்.

முதலாம் கிழமை ஒன்றுமில்லை.
இரண்டாம் கிழமை நூற்றுப்பன்னிரண்டில்
பூஞ்சணம் பூத்து எல்லாம் கரைந்துபோயிற்று;
அந்த மனுசியிடம் இன்னொரு விடியற்காலைச் சளி
கேட்டு ஆளனுப்பவேண்டும்.
மூன்றாம் கிழமை மழை.
இரண்டு இரவு மின்சாரம் இல்லை.
பத்மலோஜினி கேத்தலில் வெந்நீர் வைத்து
சோடாப் போத்தல்களில் நிரப்பி
பெட்டிக்குள் அடுக்கினாள்,
மூன்று மணிக்கொருதரம் அலாரம் வைத்து எழும்பி.
"கொல்லவேண்டியதை ஆராவது
இப்படிப் போர்த்திப் படுக்கவைப்பாங்களா, மிஸ்?"
நான்காம் கிழமை ஒன்றுமில்லை.
அதை எழுதக் கை கூசியது.

ஐந்தாம் கிழமை, செவ்வாய்,
நூற்றுப்பதினான்கின் பச்சைச் சரிவில்
பாண் தூள்போல் மூன்று பொட்டு.
காய்ந்து, சொரசொரத்து, வெளிர்மஞ்சளாய்.
நான் கைதட்டினேன்.
முகக்கவசத்துக்குள் பல் தெரியச் சிரித்தேன்.
பத்மலோஜினி சிரிக்கவில்லை,
பதிவேட்டைப் புரட்டிப் பெயரை வாசித்தாள்.

சாயம் போட்டு உறுதிசெய்து அழைத்தபோது
மகள் எடுத்தாள்.
"வாப்பா பொலன்னறுவைக்குப் போயிட்டார்,
அறுவடை மூட்டைக்கு.
ஸ்டோருக்குள்ளதான் எல்லாரும் படுக்கிற,
இருவது பேர்."
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
தடிமனாக இருக்கலாம்.
மூக்கைச் சீறுகிற சத்தமும் கேட்டது.
பீ.எச்.ஐ. றிஸ்கான் அன்றிரவே பஸ் பிடித்தார்.
இன்னும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை திரும்பவும் அறுபது.
முகைதீன்பாவா காசை எண்ணிக்கொண்டே கேட்கிறார்:
"போன தரம் வட்டிலப்பம் சரியா வந்திச்சா, டீச்சர்?"
"வந்திச்சு" என்கிறேன்.
"அஞ்சு கிழமை எடுத்திச்சு."
அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு
பைக்குள் ஒரு முட்டையைக் கூடுதலாக வைக்கிறார்.