முரசு

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது.
சரி.
இது நாய். பார்த்தோம்.

பெண்டிகோ, மழைச் சனிக்கிழமை.
கால்நடை வைத்தியர் பெர்னடெட்
உதட்டைத் தூக்கிக் காட்டினாள்:
காவிக்கல் ஏறிய கடைவாய்,
தொட்டால் கசிகிற முரசு.
"ஓடின நாய்களுக்கு இப்படித்தான்.
காலை மட்டுமே பார்ப்பார்கள்."

தொண்ணூற்று நான்கு ஓட்டம்.
காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகள்.
திடலில் அதன் பெயர் லேட் இன்வாய்ஸ்.
சுகிர்தா ஒருமுறை உரக்க வாசித்துச் சிரித்துவிட்டு
பினாட்டு என்று மாற்றினாள்.
நிறம் அப்படி.

பதினொரு பல் போயிற்று.
மயக்கம் தெளியாமல் பின்சீட்டில் கிடந்தது,
நாக்கு இடப்பக்கமாய் வழிய.
பல்லுப் போனால் சொல்லுப் போச்சாம்.
இது குரைத்தே நாங்கள் கேட்டதில்லை.

மிச்சம் முப்பத்தொன்று.
அவற்றுக்காக இரவு ஒன்பதரைக்குக்
குளியலறைத் தரையில் குந்துகிறேன்.
முதல் வாரம் வெறும் விரல்.
அடுத்த வாரம் விரலில் சுற்றிய துணி.
பிறகுதான் பிரஷ்,
கோழி மணக்கிற பற்பசை.
(எங்களுடையது அதற்கு ஆகாது.)

உதட்டில் கை வைத்ததும் நடுங்கும்.
இந்த வாயை முன்பு திறந்தவர்கள்
எதற்காகத் திறந்தார்களோ.
நான் கையை எடுத்துவிடுவேன்.
ஓடுகளை எண்ணுவேன்.
திரும்பத் தொடங்குவேன்.

முரசும் பல்லும் சேருகிற கோட்டில்
பிரஷைச் சரித்துப் பிடித்து
வட்டம், சின்ன வட்டம்.
வட்டம் அதற்குத் தெரியும்.
முன்னால் முயல் இல்லாத வட்டம்தான்
புதிது.

பில் இரண்டாயிரத்து முந்நூறு டாலர்,
ஆறு தவணை.
"உங்கட கொடுப்புப்பல்லை எப்ப காட்டப் போறீங்கள்?"
கதவில் சாய்ந்தபடி சுகிர்தா.
அடுத்த மாதம் என்றேன்.
போன வருடமும் அது அடுத்த மாதம்தான்.
சோற்றை ஒரு பக்கமாய் மெல்லப் பழகிவிட்டேன்,
முதலாளிக்கு மட்டும்
முழுப் பல்லையும் காட்டுகிறேன்.

ஒன்பதாவது கிழமை, வியாழன்.
நான் கூப்பிடவில்லை.
பினாட்டு தானாக வந்து
என் மடியில் தாடையை வைத்தது.
பிரஷை எடுக்குமுன்
மூக்கை நீட்டி என் இடக்கன்னத்தை மோந்தது,
நோகிற பக்கம், நெடுநேரம்.

பிறகு அதன் பற்கள்
ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளத் தொடங்கின.
கடகடகட.
குளிராக்கும் என்று துவாயை எடுத்தேன்.
இல்லையாம், இந்தச் சாதிக்குச்
சந்தோஷம் வந்தால் அப்படியாம்.
பதினொரு இடத்தில் தாளம் தப்புகிறது.

கேட்டுக்கொண்டே இருந்ததில்
வலப்பக்கம் தேய்க்க மறந்துபோனேன்.