மேலே விழுந்த கீறல்

பல் மருத்துவர் கழித்துப் போட்ட ஊசியால்
ஒரு மானின் முன்னங்காலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
மண் இறுகிச் சிமெண்டாகிவிட்டது.
ஒரு நாளைக்கு ஒரு தீப்பெட்டி அகலம்,
அதுவும் கை நடுங்காத நாளில்.

வெளியே பெருநோன்பு.
மடாலய மணி, சேறு, காக்கசஸ் பனி உருகி ஓடும் ஓடை.
பள்ளத்தாக்கு முழுக்க இப்போது என் சாப்பாடுதான்:
காராமணி அடைத்த ரொட்டி,
அக்ரூட் அரைத்துப் பிசைந்த கீரை.
வெண்ணெய் கிடையாது, முட்டை கிடையாது.
நாற்பத்தெட்டு நாள்
நான் ஊரோடு ஒத்தவள்.
ஈஸ்டர் விடிந்தால்
மறுபடி கிறுக்கி.

போன ஈஸ்டரன்று தங்கை புருஷன் ஸாலிக்கோ
திராட்சைக் கொடிச் சுள்ளியில் கறி வாட்டிக்கொண்டே கேட்டான்:
"லாம்ஸிரா, உன் மூளையே இதைத் தின்று வளர்ந்ததுதானே?
நீ சுரண்டும் எலும்புதானே அப்படிச் சொல்கிறது?
உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
கொழுப்பு சொட்டிக் கங்கு சீறியது.
அந்த வாசனைக்கு இன்னும் என் வாய் ஊறுகிறது,
பொய் சொல்ல மாட்டேன்.

அன்று வராத பதில்
இன்று நுண்ணோக்கியின் கீழே கிடக்கிறது.

இந்தக் கால் எலும்பில் இரண்டு வகைக் கீறல்.
ஒன்று அகலம், அடி உருண்டது. கழுதைப்புலியின் பல்.
மற்றது ஒடுக்கம், உள்ளே மயிரிழை வரிகள். கல்லின் விளிம்பு.
இரண்டும் குறுக்கிடுகிற இடத்தில்
எது மேலே விழுந்தது என்று பார்க்க வேண்டும்.
மூன்று நாள் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
கல்தான் மேலே.

அதாவது ஸாலிக்கோ,
இந்தப் பந்திக்கு முந்தியது கழுதைப்புலி.
அது தின்று சலித்து நகர்ந்த பிறகு
இரண்டு பக்கமும் பார்த்தபடி ஓடி வந்து
எலும்பைச் சுரண்டி, உடைத்து,
மஜ்ஜையை உறிஞ்சிவிட்டு ஓடியது நம் ஆள்.
வேட்டைக்கார முப்பாட்டன் என்று நீ மார்தட்டுகிறாயே,
இந்த மானைப் பொறுத்தவரை
அவன் எச்சில் பொறுக்கினவன்.
இளக்காரமாகச் சொல்லவில்லை.
பசி. குளிர்காலத்தில் கீரை ஏது.
நானும் அங்கே முட்டி போட்டிருப்பேன்.

அடுத்த தட்டில் ஒரு கீழ்த்தாடை. மானுடையதல்ல.
ஒரு பல்கூட இல்லை. குழிகள் மூடிப்போய்,
எலும்பு தேய்ந்து
பழைய படகின் விளிம்பு போல வழவழக்கிறது.
பல்லெல்லாம் விழுந்த பிறகும்
சில வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள்.
(ஆணா பெண்ணா தெரியாது. நான் அவள் என்கிறேன்.)
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
சொல்லே வந்திராத காலமோ என்னவோ அது.
எப்படிக் கேட்டிருப்பாள்?
ஆனாலும் யாரோ கொடுத்திருக்கிறார்கள்,
நசுக்கியோ, மென்றோ.

என்ன கொடுத்தார்கள்?
குராம் தன் அறிக்கையில் மஜ்ஜை என்று எழுதுவார்.
கிழங்கு என்று நான் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
ஆசைக்குச் சான்று கிடையாது.
அழித்துவிட்டேன்.

மஜ்ஜையாகவே இருக்கட்டும்.
எதைத் தின்று வந்தோம் என்பதுவரை எலும்பு சொல்கிறது.
இனி எதைத் தின்பது என்று
இந்தத் தட்டுகளில் எங்கும் எழுதியில்லை.
நான் தேடாமல் சொல்லவில்லை.

மத்தியானம் பசை காயும் நேரத்தில்
ரொட்டியைப் பிரித்தேன். போன் அடித்தது. ஸாலிக்கோ.
ஞாயிற்றுக்கிழமை வருவாய்தானே என்றான்.
கொஞ்சம் இழுத்து,
உனக்குத் தனிக் கம்பியில் கத்தரிக்காய் வாட்டுகிறேன்,
கொழுப்பு சொட்டாத ஓரமாக, என்றான்.
அவன் குரலில் கேலி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன்.
பின்னால் குழந்தைகளின் சத்தம்,
ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

நன்றாகக் கருக விடு என்றேன்,
தோல் தானாக உரிகிற அளவுக்கு.