ஆறடி பத்தங்குல சபுர்

கூத்தாநல்லூரில் யாரும்
எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லை.
எங்கே என்பார்கள், எத்தனை வருஷம் என்பார்கள்.
பினாங்கில் ஜவுளி, மஸ்கட்டில் மளிகை,
அதற்கெல்லாம் தலையசைக்க ஊருக்குத் தெரியும்.
பல்கேரியாவில் சென்டர் என்றேன்.
"என்ன சென்டர், ஜெராக்ஸா?"
ஜபருல்லா மாமு கிண்டலுக்குக் கேட்கவில்லை.

கூடைக்குக் கீழே நிற்கிற வேலை, மாமு.
நூற்றிப் பதினைந்து கிலோ செர்பியாக்காரன்
முழங்கையால் விலாவில் கணக்கெழுதும்போது
கால் நகராமல் நிற்பது.
பந்து போடுகிறவன் வேறு ஆள்.
போஸ்டரில் சிரிக்கிறவனும் வேறு ஆள்.

பதினோரு வருஷம், ஒன்பது ஊர்.
மங்கோலியாவில் உறைந்த மீசை ஒடிந்தது.
பஹ்ரைனில் நோன்பு திறந்த நாற்பதாம் நிமிஷம்
பேரீச்சம்பழம் தொண்டையில் நிற்க
நடுவட்டத்தில் எம்பினேன்.
கொசோவோவில் மூன்று மாதச் சம்பளத்துக்கு
முதலாளி ஒரு ஃப்ரிட்ஜ் தந்தான்.
விற்றுத்தான் டிக்கெட் எடுத்தேன்.
எட்டு பாஷையில் எனக்கு
இடது, வலது, பின்னால் பார் தெரியும்.
ஒன்றில்கூடத் தலைவலி மாத்திரை கேட்கத் தெரியாது.
மன்னார்குடி பஸ்ஸில் மடித்தே பழகிய கழுத்தை
சோஃபியாவில் நிமிர்த்தினேன்.
அங்கே என்னைக் குள்ள சென்டர் என்றார்கள்.

கட்டில்கள் மட்டும் எல்லா நாட்டிலும்
ஒரே நீளம்.

இந்த வருஷம் முட்டியின் ஸ்கேனைக் கேட்டார்கள், அனுப்பினேன்.
ஏஜெண்ட் பெட்கோ பார்த்துவிட்டான்.
இரண்டு நீல டிக், அதற்கப்புறம் பத்தொன்பது நாள்.
"சபுர் செய்யுங்க" என்றாள் பௌசியா.
எங்கள் தெருவில் பயணத்துக்கும் அதுதான் சொல்,
பொறுமைக்கும் அதுதான் சொல்.
எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஸ்கூல் கிரவுண்டுக்குப் போனால்
கோர்ட் முழுக்கக் குறுவை நெல்.
கொள்முதல் நிலையத்தில் பதினேழுக்கு மேல் ஈரம் என்றால் எடுக்க மாட்டார்கள்.
பண்டுதக்குடி சிவபாக்கியத்தின் நெல் இருபத்தொன்று.
நாலு நாளாக இங்கே புரண்டுகொண்டிருக்கிறது.
"மிதிச்சிறாதீங்க."
நான் ஓரச் சிமெண்டில்
ஒரு காலை ஊன்றி மறுகாலைத் திருப்பினேன்.
திருப்பத்துக்கு ஒரு நெல்லாக
முட்டி கடித்தது.

மூன்றரைக்கு மேற்கே கறுத்தது.
தார்ப்பாய் இருந்தது, ஏணி இல்லை.
"அண்ணே, அந்த வளையத்துல மாட்டுங்க" என்றான் அவள் மகன்.
கயிற்றோடு எம்பினேன்.
இறங்கும்போது முட்டி என்ன சொன்னது என்பதை
பெட்கோவுக்குச் சொல்லப்போவதில்லை.
இரண்டு முனை குழாயிலும் டிவிஎஸ்ஸிலும் கட்டியாயிற்று.
நாலாவதுக்கு, கஜாவில் சாய்ந்த புங்கையின்
அடிக்கட்டைதான் மிச்சம்.
அந்த முனைக்கு நான் நின்றேன்.

கை நேரே மேலே இருந்து
உடம்பு தன் இடத்தை விட்டுச் சாயாவிட்டால்
யார் வந்து மோதினாலும் ஃபவுல் நம்முடையதில்லை.
ஒன்பது ஊரிலும் அதே விதி.

மழை வந்து மோதியது.
பாக்கெட்டில் போன் இரண்டுமுறை அதிர்ந்து நின்றது,
மறுபடி அதிர்ந்தது.
கீழே குனிந்து நெல்லைத் தள்ளிக்கொண்டே
சிவபாக்கியம் சத்தம் போட்டாள்:
"தண்ணி நடுவுல நிக்குது.
இன்னுங் கொஞ்சம் தூக்குங்க."