மூன்றாம் நாள் எண்ணெய்

திரையில் என் நெஞ்சின் குழல்கள்
கருப்பு வெள்ளையில், யார் வீட்டுக் கொடியோ போல.
ஒரு கிளை பாதி வழியில் நின்றுபோயிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
களியக்காவிளை பேக்கரியில் பத்தொன்பது வருஷம்
அடைத்த ஓடையைக் குத்திவிட்டவன் நான்.
வெந்நீர் ஊற்றினால் இளகும், ஓடும்,
தெருமுனைக்குப் போய் மறுபடி உறையும்.

சாப்பாட்டுக் கணக்கு எழுதித் தந்தவள்,
ஷீபா என்று சட்டையில் பெயர்,
பாதி மலையாளத்தில் கேட்டாள்: எந்த எண்ணெய்?
வெளிச்செண்ணெய் என்றேன். பேனா நின்றது.
பேரில் வெளிச்சம் இருந்தாலும்
மார்கழி விடியலில் குப்பிக்குள் உறைகிற சாதிதானே,
தாளிக்க ஒரு கரண்டி, மதி.
கடலையெண்ணெய், நல்லெண்ணெய் கொள்ளாம், அளந்து.
சாளை?
தின்னலாம். பொரிக்காமல், புளி போட்டு.
குளிர்ந்த கடலிலும் உறையாத கொழுப்பு அது.

பப்ஸுக்கு மடிக்கிற மஞ்சள் கட்டியைச் சொன்னேன்.
தலை நிமிராமல் அடித்தாள், தாள் கிழிய.

அது எனக்கு முன்பே தெரியும்.
வெளிச்செண்ணெய் சீயக்காய்க்குப் போகும்.
இது மூன்று சோப்புக்கும் போகாது.
ராத்திரி தொட்டால் ரெஜினாள் கேட்பாள்,
கையைக் கழுவினீரா?
கழுவினேன், கழுவினேன்.

ஒரு மாதம் கழித்து அதே அடுப்பு.
ஸ்டென்ட் வைத்தவனுக்கு வேறு வேலை யார் தருவார்?
வியாழக்கிழமை ஊற்றியது, இன்று சனி.
கட்டன்சாயா நிறம்.
நுரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அடங்க மறுக்கிறது.
முதலாளி வென்சிலாஸ் எறிய விடமாட்டார்.

ஆறு மணி, நெய்யாற்றின்கரை பஸ் நிற்கும் நேரம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்.
சட்டையில் பெயர் இல்லை. தோளில் பை. முகத்தில் பசி.
பழம்பொரி ரெண்டு.
என்னை நினைவில்லை.
எத்தனை நெஞ்சுக்கு எழுதித் தந்திருப்பாள்.

அடுப்பை அணைத்தேன்.
பத்து நிமிஷம், சேச்சி.
சட்டியை அப்படியே பின்வாசலுக்குத் தூக்கிப்போனேன்.
வேறு சட்டி. புது டின்னின் வாயைக் குத்தினேன்.
வென்சிலாஸ் கல்லாவிலிருந்து எழுந்தார்,
ஓய் என்றார்,
என் அம்மையைப் பற்றியும் ஒன்று சொன்னார்.
பஸ் ஹாரன் அடித்தது. போயிற்று.
அவள் என்னை முறைத்தாள்.

ரெண்டும் தங்கம்போல் வந்தன.
தாளில் வைத்து ஒத்தினேன், ஒத்தினேன்,
அவள் எழுதித் தந்த சீட்டு
என் பையில் நாலாய் மடிந்து கிடக்க.

நின்றபடியே கடித்தாள்.
கோபம் போன வழி தெரியவில்லை.
ஒண்ணுகூட தரூ, என்றாள்.