இறங்குமிடம்

விமலரத்னவின் மகன் தந்த பேனை
இன்னும் என் மேற்சட்டைப் பையில் கிடக்கிறது.
நீல மூடி. நுனியில் பல் கடித்த தடம்.

அதிகாலை மூன்று பத்துக்கு
அவனுடைய அப்பா இல்லை என்பதை
டிக்கட்டில் எழுத வேண்டியிருந்தது.
என்னுடையது வற்றிவிட்டது. இரண்டு முறை உதறினேன்.
மூன்றாம் முறை உதறக் கை ஓங்கும்போது
அவன் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.
"ஸ்துதி" என்றேன்.
அவனும் "ஸ்துதி" என்றான்,
எதற்கென்று இருவருக்கும் தெரியாமல்.

பிறகு பன்னிரண்டுக்குச் சேலைன் மாற்றினேன்.
இருபத்தொன்பதின் நரம்பு நாலு இடத்தில் வெடித்தது;
ஐந்தாம் குத்துக்கு அவர்
என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.
தரையில் பாய் விரித்தவர்களுக்கு இலக்கம் இல்லை,
சாரத்தின் நிறத்தால் நினைவு வைக்கிறேன்:
பச்சைக் கோடு, காய்ச்சல்.
மண்ணிறம், மூச்சு.
ஐந்தரைக்குச் சுவரில் சாய்ந்தபோது
போன் அடித்தது. எடுத்தேன். அடிக்கவில்லை.

காலைச் சுற்றில் பெரிய டொக்டர்
பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டார்.
நான் என் பிறந்த திகதியைச் சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
சிஸ்டர் மட்டும் பக்கத்தைப் புரட்டி
"நாலு தசம் எட்டு, சேர்" என்றார்,
என் குரலில் சொல்வதுபோல.

ஃபஸ்னா குளியலறைக் கதவைத் தாழிட்டு
லண்டன் சோதனைக்குப் படிக்கிறாள்.
குழாய் திறந்திருக்கிறது.
படிக்கிறாளா அழுகிறாளா என்று
தண்ணீர்ச் சத்தத்தில் பிரித்தறிய
எங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.
"நீயும் எழுதன்டி" என்கிறாள் வெளியே வந்து,
முகம் துடைத்தபடி.
அவள் போனால் வாட்டில் நாங்கள் இரண்டு பேர்.
ஆளுக்குப் பாதித் தூக்கம்.
கூட்டினால் ஒரு ஆள் வருமா?

வவுனியாவில் அப்பா
படலைக்குப் பெயர்ப்பலகை எழுதுவித்துப்
படம் அனுப்பியிருக்கிறார்.
என் பெயருக்கு முன்னால் டொக்டர்.
"பெயின்ற் காயேல்லை, தொட்டிடாதை"
என்று கீழே ஒரு குறிப்பு,
கொழும்பில் இருக்கும் எனக்கு.
மஞ்சள் இதயம் ஒன்று பதிலுக்குப் போயிருக்கிறது.
அனுப்பியது நினைவில்லை. போனில் இருக்கிறது.

முப்பத்தாறாம் மணித்தியாலத்தில் வெளியே வந்தேன்.
பொரளைச் சந்தியில் வெயில்.
லொத்தர்க்காரன் ஒலிபெருக்கியில்
கோடிகளைக் கூவிக்கொண்டிருந்தான்.
நூற்றைம்பத்துநாலில் யன்னலோரம் கிடைத்தது.
நடத்துநர் சில்லறையைக் குலுக்கி
"கொஹேட்டத, மிஸ்?" என்றான்.

"பதினேழு."

அப்படியொரு இறக்கம் இல்லையே என்றான் சிங்களத்தில்,
கோபப்படாமல்.

பதினேழு விமலரத்னவின் கட்டில்.
காலை ஏழரைக்கே அதில் வேறொருவர் படுத்துவிட்டார்.
விரிப்பு மாற்ற ஆளில்லை,
ஒரு ஓரத்தை நான்தான் பிடித்தேன்.
தலையணையில் பள்ளம் இருந்தது. தட்டிச் சமப்படுத்தினேன்.

நடத்துநர் டிக்கட் கிழிக்காமல்
அடுத்த இருக்கைக்குப் போனான். திரும்பி வருவான்.
நான் போகவேண்டிய இடத்தின் பெயர்
பம்பலப்பிட்டி தாண்டி, கடல் பக்கம்,
வாயில் வர மறுக்கிற ஒரு மருந்தைப்போல.

வந்தது.

பேனையை எடுத்து
உள்ளங்கையில் எழுத்துக் கூட்டி எழுதினேன்:
வெள்ளவத்தை.
அதற்குக் கீழே, கைப்பழக்கத்தில்,
நேரம் போட்டேன். மூன்று நாற்பது.
கையெழுத்தும் வைத்தேன்.