பதினோராம் பக்கம்

அட்டன் கிளையில் நான் விற்பவன் அல்ல,
பில் எழுதுகிறவன்.
தமிழ் நன்றாக வரும் என்று யாரோ சொல்லிவைக்க
கொழும்பிலிருந்து ஆங்கிலக் கையேடு வந்தது.
இருபது பக்கம். பக்கத்துக்கு முன்னூறு ரூபாய்.

பதினோராம் பக்கத்தில் எனக்குக் கை நின்றது.
மழை விழுந்ததும் தானே அசையும் துடைப்பான்.
ஏற்றத்தில் பின்வாங்காத பிரேக்.
மலைப்பாதை மூடுபனியைக் கிழிக்கும் மஞ்சள் விளக்கு இரண்டு.
மலைப்பாதை ஆங்கிலத்தில் இல்லை,
நானாகச் சேர்த்தது.
கிழிக்கும் என்பதும்தான்.

வரி நீண்டுவிட்டது.
ஓர் எழுத்துக் குறையுங்கள் என்றார்கள் பக்கம் கட்டுகிறவர்கள்.
கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த உடுக்குறியை எடுத்தேன்.
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்,
‘சில நாடுகளில் மட்டும்’
யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல் கிடந்தது.

விஜயகௌரி மிஸ்ஸிக்கு வண்டி மார்கழியில் வந்தது.
லீசிங், ஐந்து வருடம்.
முன் பம்பரில் விளக்கு இருக்கவேண்டிய இரண்டு குழியிலும்
கறுப்பு பிளாஸ்டிக் மூடி.
ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச் மாதிரி ஒன்று.
அமுங்கவில்லை.

அவர் கத்தவில்லை. கையேட்டை விரித்து விரலை வைத்தார்.
“ராத்திரி ரெண்டு மணிக்கு வலின்னு சொன்னா
மேல் டிவிஷனுக்குப் போறவ நான்.
ஏர்பேக் ஆறா நாலா, இடிச்சாத்தான் தெரியும்,
அத நான் எண்ணப் போறதில்ல.
இது எங்க?”

மேனேஜர் பிரியசாந்த தரைவிரிப்பு கொடுத்தார்,
ஒரு இலவச சர்வீஸ், எலுமிச்சை வாசனைப் போத்தல்.
வெளியே வாங்கிப் பூட்டுங்களேன் என்றார்.
வயரை வெட்டினால் வாரண்டி போகும் என்றவரும் அவரே.
தரைவிரிப்பு மடித்தபடி
எங்கள் கவுண்டரில் மூன்று வாரம் இருந்தது.

ஆனியில் விசாரணை. நுவரெலியா, இரண்டாம் மாடி.
மேசையில் மூன்று மொழியிலும் கையேடு.
சிங்களத்தில் உடு இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது.
தமிழில் ஏன் இல்லை என்று கேட்டார் அதிகாரி.
இடம் போதவில்லை என்றேன்.
யாரோ இருமினார்கள்.

கம்பனி வக்கீல் கடைசிப் பக்கத்தைப் புரட்டி
என்னையே வாசிக்கச் சொன்னார்.
‘மொழிகளுக்கிடையே முரண்பாடு எழுமாயின்
ஆங்கிலப் பிரதியே செல்லுபடியாகும்.’
அதுவும் என் தமிழ்.
அதில் ஒரு பிழை இல்லை.

முடிவு ஆறு வாரம் கழித்து.
மேனேஜர் வக்கீலின் வண்டியில் போய்விட்டார்,
கடைசி பஸ்ஸும் போயிருந்தது.
மிஸ்ஸி கண்ணாடியை இறக்கினார். “ஏறுங்க.”

நானுஓயா வரைக்கும் பேச்சில்லை.
ரதெல்லப் பக்கம் திரும்பியதும் மூட்டம் இறங்கியது.
லைட்டை உயர்த்தினால் வெள்ளைச் சுவர்,
தாழ்த்தினால் அதே சுவர், கொஞ்சம் அழுக்காய்.
அமுங்காத அந்தச் சுவிட்சை அவர் ஒருமுறை அழுத்தினார்.
என்னைப் பார்க்கவில்லை.

நான் இறங்கினேன்.
போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து
நடுக்கோட்டில் நடந்தேன்.
ஹாரன்.
“வெள்ளச் சட்டை, ஒண்ணும் தெரியல.
சத்தமா ஏதாவது பேசிக்கிட்டு நடங்க!”

விசாரணைக்கென்று போட்ட சட்டை.
பேச எனக்கு மனப்பாடமாய் இருந்ததும்
அந்த ஒரு பக்கம்தான்.
மழை விழுந்ததும் தானே அசையும் துடைப்பான்!
ஏற்றத்தில் பின்வாங்காத பிரேக்!
ஒரு வளைவு. எங்கேயோ கீழே தண்ணீர்ச் சத்தம்.
மூடுபனியைக் கிழிக்கும் மஞ்சள் விளக்கு இரண்டு,
உடுக்குறி,
சில நாடுகளில் மட்டும்!

“என்ன?”

“இடது பக்கம் கான் இருக்கு, மிஸ்ஸி.
வலதுக்கு ஒடிங்க.”