ஈரம் படாத இடம்

காரணம் என்ற கட்டத்துக்குள்
யானை என்று எழுதினேன்.
கச்சேரியில் இருந்த பெடியன்
எத்தனை ஏக்கர் என்றான்.
இரண்டரை.
எத்தனை யானை?
அதற்குக் கட்டம் இல்லை.

என்.சி. வீதியில் லாபிரின் கடை.
கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து துவக்கு,
ஐந்தின் கழுத்திலும் விலைச்சீட்டு.
இரட்டைக் குழல் வேண்டாம் அக்கா,
இரண்டாவது வெடி அவசரக்காரருக்கு என்றான்.
தோளில் வைத்துப் பார்த்தேன்.
நீளமானது கைக்கு எட்டவில்லை.
அழகானது பாரம்.
கடைசியில் ஒரு பழைய ஒற்றைக் குழல்,
அடிப்பிடியில் யாரோ ஆணியால் கீறிய
'வ' என்ற எழுத்தோடு.
வ யார் என்று கேட்டேன்.
லாபிர் பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.
எண்பத்தைந்தில் ஒப்படைக்கச் சொன்னபோது
அண்ணன் அதற்கு எண்ணெய் பூசித் துடைத்தான்,
இரவல் சட்டியைக் கழுவித்தான்
திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுபோல.
பற்றுச்சீட்டு இருக்கிறது.
துவக்கு இல்லை. அண்ணனும் இல்லை.
மூன்று தடவை ஓடியபோதும்
காணி உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் நடுவே
அந்தச் சீட்டும் எங்களோடு ஓடிவந்தது.

சாக்கில் சுற்றியதோடு பஸ் நிலையத்தில் நின்றேன்.
பட்டணத்து மான் ஒன்று வந்து
சாக்கை மோந்து பார்த்தது.
தின்ன ஏதுமில்லை என்று கண்டதும்
வாழைப்பழத்தோல் பொறுக்கப் போய்விட்டது.

சீனன்குடா தாண்டும்போது
காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள்.
எத்தனை என்று கேட்டால்
ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.
ஒரு சண்டைக்கென்று சேர்த்தார்கள்,
எங்களுக்கு வந்தது வேறு சண்டை.
இரும்பின் தலையில் ஆலங்கன்று
வேர் விட இடம் தேடிக்கொண்டிருந்தது.

துவக்கு ஓரிடம். தோட்டா வேறிடம்.
திறப்பு என் இடுப்பில்.
அடுப்படிக்குக் கிட்ட வைக்கக்கூடாது,
உப்புக்காற்று படக்கூடாது,
பித்தளையில் பச்சை பூத்தால் தொடாமல்
லாபிருக்குச் சொல்லவேண்டும்.
பிஸ்கட் பேணியில் ஒரு சுண்டு அரிசி,
அதன்மேல் துணி, துணியின்மேல்
எனக்குக் கிடைத்த பத்தும்,
நித்திரைப் பிள்ளைகள் மாதிரி அடுக்காக.
மாதக் கடைசியில் அரிசியை மாற்றிப்
பழையதைக் கோழிகளுக்கு எறிவேன்.
முதல் நாள் அவை கொத்தவில்லை.
பிறகு பழகிவிட்டன.

தை முடிகிற கிழமை.
கதிர் பால் பிடித்திருந்தது.
தனியன் வந்தது.
வானத்துக்குத்தான் வைத்தேன்.

தோள் இடித்தது தெரியும்.
அதன்பிறகு தெரிந்தது,
நான் வரம்போடு குப்புறக் கிடப்பது.
இரண்டு கையும் காதில்,
வாய் திறந்தபடி,
பங்கருக்குள் பழக்கிய மாதிரியே.
துவக்கு சேற்றில்.
கங்குவேலி முழுக்க
விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
கிழக்கு வளவில் நேசமலர்
பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளும் சத்தம்.
அந்தப் பிள்ளைகள்
எல்லாம் முடிந்தபிறகு பிறந்தவர்கள்.
ஆனாலும் அழவில்லை. அவர்களுக்கும்
எப்படியோ தெரிந்திருக்கிறது,
அழக்கூடாது என்று.

தனியன் மட்டும் தலையை நிமிர்த்தி
மென்றதை விழுங்கியது.
மறுபடி குனிந்தது.

விடிந்ததும் வீடு வீடாய்ப் போனேன்.
யானை, யானைக்குத்தான் என்றேன்.
நேசமலர் படலையைத் திறக்காமலே சொன்னாள்:
இனிமேல் சொல்லிவிட்டு வெடி வை.
சரி என்றேன்.
யானையிடமும் சொல்லவேண்டுமா என்று
கேட்க வாய்வரை வந்தது.
அவள் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பேணியில் ஒன்பது.
காலியான இடத்தில்
அண்ணனின் சீட்டை நாலாய் மடித்து வைத்திருக்கிறேன்.
வீட்டில் ஈரம் படாத இடம்
அது ஒன்றுதான்.

அனுமதி புதுப்பிக்கப் போகும்போது
ஒன்று எங்கே என்று கேட்பார்கள்.
யானை என்றுதான் எழுதுவேன்.